முப்பத்து நான்கு நானோ நொடி

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். இயக்குநருக்கு அவளைவிடப் பத்து வயது அதிகம். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். உடன்பிறந்த முறையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், எட்டு உலைகள் பொருத்திய ஓர் எஃகுக் கலத்துக்கு முன்னால் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருந்தவன்.

அந்த அறைக்கு அடுப்படி என்று பெயர் வைத்தவள் அக்கா. "எட்டு அடுப்பு வெச்சிருக்க. ஒரு நாளாவது ஒரு டீ போட்டுக் குடுத்திருக்கியா" என்பாள். அவன் சும்மா விடுவானா? மேல்தளத்தில் கறுப்புத் திரை தொங்கும் அவளுடைய அறைக்கு இருட்டறை என்று பெயர் வைத்தான். "எங்க அக்கா இருட்டுல உக்காந்து, கண்ணுக்கே தெரியாத ஒண்ணு இருக்கா இல்லையான்னு பாத்துட்டு வருவா. அதுக்கு மாசாமாசம் சம்பளம் வேற" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். ஐம்பதை நெருங்கிய அக்காவும் நாற்பத்து மூன்று வயதுத் தம்பியும் இப்படி எலியும் பூனையுமாக அடித்துக்கொள்வதைப் பார்க்கவே மாடிப்படியில் கூட்டம் நிற்கும்.

தம்பி சமைப்பான், அக்கா ருசி பார்ப்பாள். இதுதான் தொழில். காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த அந்தக் கலத்துக்குள் துத்தநாகம், காட்மியம், செலினியம் மூன்றையும் ஆவியாக்கி ஒரு தகட்டின் மேல் அணு அணுவாகப் படியவிடுவான். பக்குவம் சரியாக அமைந்தால் தகட்டில் கோடிக்கணக்கான புள்ளிகள் முளைக்கும். ஒரு புள்ளியில் மொத்தமே சில ஆயிரம் அணுக்கள். அதற்குள் ஓர் எலக்ட்ரானை அடைத்து வைக்கலாம். எலக்ட்ரானுக்கு ஒரு சுழற்சி உண்டு. அது மேலே பார்க்கும் அல்லது கீழே பார்க்கும். இடப்பக்கமாக முறுக்கிய ஒளியை அடித்தால் மேலே பார்த்து நிற்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஒளியை அனுப்பி, இன்னும் அப்படியே நிற்கிறாயா என்று கேட்கலாம். அக்காவின் பிழைப்பே அந்தக் கேள்விதான்.

வருடக்கணக்காக ஒரே பதில்தான் வந்தது. முப்பது நானோ நொடி. ஒரு நொடியை நூறு கோடியாக வெட்டி, அதில் முப்பது துண்டு. அதற்குள் எலக்ட்ரான் தான் பார்த்த திசையை மறந்துவிடும். காரணமும் தெரிந்ததுதான். சுற்றியிருக்கும் அணுக்கருக்களில் சில தாங்களும் குட்டிக் காந்தங்கள். அவை இருக்கிற இடத்தில் சும்மா இராமல் எலக்ட்ரானை இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஒரு காந்தப் புலத்தைக் கொடுத்தால் எலக்ட்ரான் அதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பிடிக்க எதுவும் இல்லாதபோது, புலம் பூஜ்யமாக இருக்கும்போது, தன் காலில் தானே நிற்குமா? தம்பி அதைத்தான் நிரூபிக்க நினைத்தான். காந்தக் குணம் இல்லாத கருக்களாகவே பொறுக்கிச் சுத்தம் செய்த உலோகங்களைத் தருவித்து ஆறு வருடம் சமைத்தான். கடைசித் தகடு உலையிலிருந்து இறங்கிய மாதம் அவன் வயிற்றில் கட்டி என்றார்கள்.

வெட்டி எடுத்தார்கள். திரும்ப வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றும் மருந்து. அவன் அதை ஊசி என்பான். ஏற்றிய மூன்று நாளும் குடல் வாய்க்கு வந்துவிடும். நான்காம் நாள் அக்காவுக்குப் போன் போட்டு, "என் தகட்ட எப்ப பாக்கப் போற" என்பான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவன் ஊசியைப் பொறுத்துக்கொண்டான் என்பது அக்காவுக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும்.

பதில் வந்தது. பூஜ்யப் புலத்தில், இரண்டாயிரம் நானோ நொடி.

அக்கா வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நான்காவது மாடிக்கு ஓடினாள். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "ரெண்டாயிரம்டா" என்றாள். அவன் காகிதத்தை வாங்கி மூக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"நின்னுடுச்சா அக்கா?"

"நின்னுடுச்சு."

அவன் அழுதான், பிறகு சிரித்தான், பிறகு பசிக்கிறது என்றான். அன்று முழுக்க அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தரை துடைக்க வந்தவரைக்கூட விடவில்லை. எலக்ட்ரான் எப்படி நிற்கிறது என்று துடைப்பத்தை வாங்கி நிமிர்த்திக் காட்டினான். மறுநாள் டாக்டர் வந்ததும் நிதானமாகச் சொன்னான். "வந்த வேல முடிஞ்சுது டாக்டர். இனிமே அந்த ஊசி வேண்டாம்."

டாக்டரும் வற்புறுத்தவில்லை. அந்த மருந்து நோயைக் குணமாக்காது, கொஞ்சம் நாள் வாங்கித் தரும், அவ்வளவுதான் என்று முன்பே சொல்லியிருந்தார். தம்பி மனைவி ஒரு நாள் முழுக்க அழுதாள். ஆனால் ஊசி நின்ற பிறகு அவன் சாப்பிட்டான், தூங்கினான், அவள் தலைமுடி நரைத்ததைக் கிண்டல் செய்தான். அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பதினெட்டு நாள் கழித்து, ஆய்வுக் கட்டுரைக்காக ஒரு வெப்பநிலை எண்ணைச் சரிபார்க்க அக்கா பதிவேட்டைத் திறந்தாள். வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அவளுடைய காந்தம் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கம்பிச்சுருள். அதில் பெரிய புலத்தை ஏற்றி இறக்கினால் கொஞ்சம் புலம் சுருளிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கணினித் திரை மின்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பூஜ்யம் என்று காட்டும். திரைக்கு என்ன தெரியும்? அதனால் பூஜ்யத்தில் அளப்பதற்கு முன்னால் காந்தத்தை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக என்று மாற்றி மாற்றி ஆட்டி, ஒட்டியதைக் கழற்றி இறக்க வேண்டும். அந்தக் கூடத்தில் இதற்குத் தாலாட்டு என்று பெயர். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டவளே அக்காதான். யாராவது அதில் குறி போடாமல் விட்டால், "தாலாட்டாம எடுத்த அளவும் கை கழுவாம சாப்பிட்ட சோறும் ஒண்ணு" என்று மாடி அதிரக் கத்துவாள்.

அந்த இரண்டாயிரம் வந்த நாளின் வரிசையில் எல்லாம் இருந்தது. நேரம், வெப்பநிலை, லேசரின் திறன், புள்ளியின் எண். தாலாட்டுக் கட்டம் மட்டும் காலி.

அக்கா அந்த வரிசையில் விரலை வைத்து இரண்டாம் தடவை படித்தாள். அந்தக் காலை நினைவுக்கு வந்தது. முந்தின நாள் காந்தப் புலத்தை ஐந்து டெஸ்லா வரை ஏற்றி வைத்திருந்தாள். காலையில் இறக்கிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி போன் செய்தாள்: "ரத்தத்துல அணு ரொம்பக் குறஞ்சுடுச்சாம் அண்ணி, உடனே வாங்க." போட்டது போட்டபடி ஓடினாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது திரையில் பூஜ்யம். உட்கார்ந்து அளக்க ஆரம்பித்துவிட்டாள். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பது இதுதான்.

ஆட்டியிருப்பேன், குறிக்கத்தான் மறந்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொன்னால் ஆயிற்றா? மறுபடி ஹீலியம் வேண்டும் என்று கேட்டாள். உருளையைத் தள்ளிக்கொண்டு வந்த ஹீலியம்காரர் அந்தக் கூடத்தில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர். "அதான் கெடச்சிடுச்சே அக்கா, இன்னும் எதுக்கு" என்று கேட்டுக்கொண்டே குழாயைச் செருகினார். அக்கா பதிவேட்டிலிருந்து புள்ளியின் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

கோடிப் புள்ளிகளுக்கு நடுவில் அதே புள்ளியைத் தேடிப் பிடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. ஒவ்வொரு புள்ளியும் தனக்கென்று ஒரு நிறத்தில் ஒளிரும். அதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். கண்டுபிடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காந்தத்தை ஆட்டி இறக்கினாள். அளந்தாள்.

முப்பத்து நான்கு.

நான்கு தடவை அளந்தாள். பிறகு வேண்டுமென்றே ஐந்து டெஸ்லா ஏற்றி, இறக்கி, ஆட்டாமல் அளந்தாள். இரண்டாயிரம். இதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எலக்ட்ரான் தன் காலில் நிற்கவே இல்லை. அவள் அவசரத்தில் விட்டுப்போன புலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஹீலியம்காரருக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதியை அவளே சொன்னாள். அவர் கையுறையைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"அக்கா, நான் படிக்காதவன். ஒண்ணு கேக்குறேன். தம்பிக்கு இன்னும் எத்தன நாள்?"

"பத்து நாள்ங்கறாங்க. அதுக்குள்ளயும் இருக்கலாம்."

"அப்ப பதினோராவது நாள் திருத்திக்குங்க. காகிதம் எங்கயும் ஓடிப்போயிடாது."

அதைவிட நல்ல யோசனை யாரும் சொல்லியிருக்க முடியாது. அக்காவும் அதைத்தான் தீர்மானித்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது படிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். அன்று வியாழக்கிழமை.

தம்பி தலையணையில் சாய்ந்து காத்திருந்தான். மத்தியானம் அரை மணி நேரம் அவன் கட்டுரையைச் சொல்லுவான், அவள் எழுதுவாள். ஒரு வாரமாக அதுதான் வழக்கம். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது. "இன்னிக்கு எப்படி அளந்தோம்ங்கற பகுதி. அது உன் ஏரியா. இருந்தாலும் நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்து" என்றான். லேசர், வெப்பநிலை, ஒளியின் முறுக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.

"அடுத்த வரி. ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் காந்தத்தில் எஞ்சிய புலம் முழுமையாக நீக்கப்பட்டது."

பேனா நின்றது.

"என்ன?"

"மை வரல."

"பென்சில் இருக்கு பாரு, அந்த டப்பால."

பென்சிலை எடுத்தாள். அதுவும் நின்றது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் அவள் பொய் சொல்லியிருப்பாள். ஆனால் ஒரு எண்ணைக் கேட்டு இவன் நிற்கும்போது மாற்றிச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"அக்கா. என்னப் பாரு."

அவள் பார்க்கவில்லை. "தாலாட்டலடா" என்றாள்.

அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்புறம் தாலாட்டி எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எவ்வளவு?"

"முப்பத்தி நாலு."

"எத்தன தடவ எடுத்த?"

"நாலு தடவ."

"ஆறு வருஷத்துல நாலு நானோ நொடி சம்பாதிச்சிருக்கேன்" என்றான். "பிழை எவ்வளவு?"

"கூடக் கொறைய மூணு."

"அப்ப ஒரே ஒரு நானோ நொடிதான்." அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போய் அழுகையாக முடிந்தது. "என்ன மன்னிச்சிடுடா" என்றாள். அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்து என்னவோ கணக்குப் போட்டான்.

"உலைக்குள்ள இருக்கற செலினியம் கிண்ணம்தான்" என்றான் திடீரென்று. "மத்த ரெண்டுக்கும் புதுக் கிண்ணம் வெச்சேன். செலினியத்துக்குப் பழசையே சுட்டுச் சுத்தம் பண்ணி வெச்சேன். காந்தக் கருவோட இருந்த பழைய சரக்கு அதுல ஒட்டியிருந்திருக்கும். அதுதான் கலந்திருக்கு. கிண்ணத்த மாத்தி ஒரு தடவ சமைச்சாப் போதும் அக்கா. ஆறு வாரம். ஆறே வாரம்."

முகம் பளிச்சென்று ஆயிற்று. அடுப்படியில் அவனை நேரில் பார்ப்பது போலவே இருந்தது அக்காவுக்கு. அடுத்த நிமிடம் அந்த முகம் அப்படியே விழுந்தது.

"நான் ஊசிய நிறுத்தச் சொல்லிட்டேனே அக்கா."

கோபித்துக்கொள்வான், திட்டுவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்றெல்லாம் அவள் நினைத்திருந்தாள். இதை நினைக்கவில்லை.

"டாக்டர்கிட்ட போய்க் கேளு. மறுபடி ஆரம்பிக்கணும்னு சொல்லு. வாந்தி வந்தா வந்துட்டுப் போகுது. போ அக்கா, இப்பவே போ."

கதவருகில் தம்பி மனைவி துவைத்த துண்டோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வராந்தாவுக்கு வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அப்போதும் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா அண்ணி? மூணு வாரமா அவர் என் புருஷனா இருந்தாரு. இப்ப மறுபடி உங்க தகட்டுக்குப் போயிட்டாரு."

இருவரும் சேர்ந்தே டாக்டர் அறைக்குப் போனார்கள். டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். கல்லீரல் செயலிழந்துகொண்டிருக்கிறது, ரத்தம் இருக்கிற நிலையில் அந்த மருந்து ஏறினால் உயிர் அன்றே போய்விடும் என்றார்.

"நிறுத்தாம இருந்திருந்தா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் தயங்கினார். "அப்ப உடம்பு தாங்கிட்டுத்தான் இருந்துச்சு. எவ்வளவு கெடச்சிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. ஒரு மாசம். ரெண்டு மாசம்கூட இருக்கலாம்."

ஆறு வாரம் அதற்குள் அடங்கும். காந்தத்தை ஒரு தடவை தாலாட்ட மறந்ததற்கு அவள் தம்பியின் ஆறு வாரத்தைக் கொடுத்துவிட்டாள். தம்பி மனைவிக்கும் அது புரிந்தது. அவள் அதைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அறைக்குள் அவன் நிமிர்ந்து உட்கார முயன்றுகொண்டிருந்தான். "என்ன சொன்னாரு?"

அக்கா அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம்னாரு."

அவன் அவள் முகத்திலேயே பார்வையை வைத்திருந்தான். நம்பவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்போது பின்னாலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது.

"வெறும் வயித்துல இருக்கணுமாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு மேல எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

விதி ஒன்றைச் சேர்த்துச் சொன்னால்தான் எந்தச் சேதியையும் ஜனங்கள் நம்புவார்கள் என்று தபால் ஆபீஸ்காரிக்குத் தெரியாதா? அவன் நம்பினான். தலையணையில் சாய்ந்து, "எழுதிக்கோ அக்கா" என்றான்.

வெள்ளியும் சனியும் புதுச் சமையலுக்கான குறிப்பைச் சொன்னான். எந்தக் கிண்ணம், எத்தனை டிகிரி, எத்தனை நொடி திறந்து வைப்பது, அடுப்படியில் யார் கையில் கொடுக்கக் கூடாது என்பது வரைக்கும். மூச்சு வாங்கும், நிறுத்துவான், விட்ட எண்ணிலிருந்து சரியாகத் தொடருவான். அக்கா ஒரு எண் விடாமல் எழுதி, அவனிடம் திரும்பப் படித்துக் காட்டினாள். தம்பி மனைவி அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு நாளும் அக்காவும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவனுக்கு மூச்சு மாறிவிட்டது. உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச்சு காற்றாகத்தான் வந்தது. மத்தியானம் தூங்கி எழுந்தவனிடம் தம்பி மனைவி ஸ்பூனில் தண்ணீர் கொண்டுபோனாள். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றேமுக்கால். வாயை மூடிக்கொண்டான்.

"தண்ணிதாங்க. தண்ணி குடிக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான். "மணி... ஆயிடுச்சு."

"நான் தப்பாச் சொல்லிட்டேங்க. சோறுதான் கூடாது. தண்ணி பரவால்ல." அவன் வாய் திறக்கவில்லை. அவள் திரும்பினாள். முகமெல்லாம் ஈரம். "அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

அக்கா ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். "குடிடா. நான்தான் சொல்றேன்ல. ஒரு வாய்."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். சமாதானம் செய்கிற சிரிப்பு அது. அவள் மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பது அதில் தெரிந்தது.

"போன தடவதான் ஒண்ண விட்டுட்டோம்" என்றான். "இந்தத் தடவ எதையும் விடக் கூடாது."

அவனைக் குடிக்க வைக்க ஒரே வழிதான் இருந்தது. திங்கட்கிழமை இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அக்காவாலும் முடியவில்லை, தம்பி மனைவியாலும் முடியவில்லை. அவன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பொறுமையாகப் படுத்திருந்தான்.

நாலேகாலுக்கு மூச்சு நின்றது. தம்பி மனைவி அக்காவின் கையிலிருந்த ஸ்பூனை வாங்கி அவன் உதட்டை நனைத்தாள். தண்ணீர் உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்தது. அக்கா அதைத் தன் முந்தானையால் துடைத்தாள், அவள் மறுபடி நனைத்தாள். டம்ளர் காலியாகும் வரை இருவரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.